மிதிச்சா தீராத கோபம்

சைக்கிள்ல ஆபீஸ் போறேன்னு சொன்னா எல்லாரும் முதல்ல கேக்கறது வேர்க்காதாங்கறது, அடுத்தது ஸ்கூட்டி என்னாச்சு ரிப்பேரான்னு, அதுக்கப்பறம் கண்டிப்பா யாராவது ஒருத்தர் சொல்வாங்க, நல்லதுங்க, மனசுல இருக்கற டென்ஷனெல்லாம் மிதிக்க மிதிக்க கரைஞ்சு போயிரும்னு. வேர்க்கும். ஸ்கூட்டி நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்காரர் எடுத்துட்டுப் போறாரு. ஆனா அந்த மூணாவது ஆளுக்குத்தான் என்ன பதில் சொல்றதுன்னே தெரியாது, ஏன்னா காலைல வீட்டுல இருந்து கிளம்பறப்ப எனக்கு ஒரு டென்ஷனும் இருக்கறதில்ல, எங்க கோயம்புத்தூர்லயே இருக்கற ராமநாதபுரம் வர்றதுக்குள்ள முன்னபின்ன தெரியாத எவனோ ஒருத்தன் மேல கொலைவெறில இருப்பேன்.

இந்த போஸ்ட் அந்தக் கோபத்தைப் பத்தி. சைக்கிளுக்கு தனி லேன் வேணும், ரோடு ஒழுங்கா இருக்கணும், அதெல்லாம் வேணும்தான், இல்லைங்கல. ஆனா அது வர்ற வரைக்கும் நாளைக்கு காலைல எட்டே முக்காலுக்கு நான் கிளம்பியாகணுமே.

வீடு சிங்காநல்லூர், ஆபீஸ் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், எட்டு கிலோமீட்டர் கிட்ட வரும், பெரும்பாலும் திருச்சி ரோடுதான். கோயம்புத்தூர்காரங்களுக்கு இதுக்கு மேல வெளக்கம் வேண்டாம். வெளியூர்காரங்களுக்காக சொல்றேன், 2022ல இந்த ரோட்டுல ராமநாதபுரத்தையும் சுங்கத்தையும் தாண்டிப் போற மாதிரி மூணு கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு பாலம் திறந்தாங்க, கார்காரங்களுக்கு நல்ல வசதி, ஏறினா எறங்கறது தெரியாம போயிடறாங்க. நான் பாலத்துக்குக் கீழ. கீழ டவுன் பஸ், ஆட்டோ, கடைக்கு முன்னாடி பாதி ரோட்டுல நிறுத்தின கார், ராங் சைடுல எதுத்தாப்புல வர்ற ஸ்கூட்டர், அப்பறம் பாலம் எறங்கற எடத்துல மேல இருந்த அதே வேகத்தோட வந்து நம்ம முதுகுக்குப் பின்னாடி சேர்ற வண்டிங்க. என்னோடது கியர் கிடையாது, முன்னாடி கூடை வெச்ச சாதா லேடீஸ் சைக்கிள். ப்ளஸ் ஒன்ல கவர்மெண்ட்ல குடுத்த சைக்கிள்ல ஆரம்பிச்ச பழக்கம், நடுவுல கல்யாணம் குழந்தைன்னு கொஞ்ச வருஷம் விட்டுப்போய் மறுபடியும் தொத்திக்கிச்சு.

சைக்கிள் ஓட்டாதவங்களுக்கு இந்தக் கோபம் எப்படி வருதுன்னு சொன்னாத்தான் புரியும். ஒரு பஸ் நம்மள ஒட்டி வேகமா தாண்டுறப்ப முதல்ல அது தள்ளிட்டு வர்ற காத்து நம்மள வெளிய தள்ளும், பஸ்சோட வால் தாண்டறப்ப அதே காத்து உள்ள இழுக்கும், கார்ல இருக்கறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, சைக்கிள்ல இருக்கறவளுக்கு ஹேண்டில்பார் ரெண்டு தடவை ஆடும். அந்த நேரத்துல கோபம்னு ஒண்ணு இல்லவே இல்ல, வெறும் பயம்தான், வயித்துல ஒரு மாதிரி, உள்ளங்கை ஜிவ்வுன்னு ஆயிடும். பஸ் தாண்டிப் போயிடும், நாம விழல, எல்லாம் சரியா இருக்கு, அப்பறம் நாலஞ்சு மிதி மிதிச்ச பின்னாடிதான் கோபம் வரும். அது வர்றப்ப பேச்சோட வரும். ஏன்டா நான் என்ன இந்த ரோட்டுல இல்லாத ஆளா, உனக்கு அரை நிமிஷம் மிச்சம் ஆகறதுக்கு எம்பொண்ணு அம்மா இல்லாம நிக்கணுமான்னு தலைக்குள்ள ஒரு முழு பட்டிமன்றம் நடக்கும், அதுல ரெண்டு பக்கமும் நானே பேசி நானே ஜெயிப்பேன்.

இதுல இன்னொரு சமாச்சாரமும் ஒட்டிட்டு இருக்கு. இந்த ரோடு ஓரமா வரிசையா மில்லு ஓடிட்டு இருந்த காலத்துல ஷிப்ட் விடறப்ப ரோடு பூரா சைக்கிளாத்தான் இருக்கும், பஸ்சே ஒதுங்கித்தான் போகும்னு எங்கப்பா சொல்வாரு. இப்ப சைக்கிள்ல போற பெரியவங்கன்னா செக்யூரிட்டி அண்ணன், பழைய மில்லுக்காரர் யாராவது, இளநீ விக்கறவர், அவ்வளவுதான். காலைல அஞ்சரைக்கு ஹெல்மெட் போட்டு கூட்டமா போறவங்க வேற கணக்கு, அவங்களைப் பார்த்தா கார்காரங்களே வழி விடுவாங்க. ஒன்பது மணிக்கு கூடையில டிபன் பாக்ஸ் வெச்சுட்டு மிதிக்கறவளைப் பார்த்தா வண்டி வாங்க வக்கில்லாதவன்னு ஒரு நெனப்பு, அதனால ஒதுக்கித் தள்ளிட்டுப் போலாம்னு ஒரு தைரியம். இது என்னோட கற்பனையா கூட இருக்கலாம். ஆனா பட்டிமன்றத்துல இந்தப் பாயிண்ட்டுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

சரி, மிதிச்சா கோபம் கரையும்னு சொல்றாங்களே, ஏன் எனக்கு மட்டும் ஏறுதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்பத்தான் 1972ல வந்த ஒரு ஆராய்ச்சி கண்ணுல பட்டுச்சு, டால்ஃப் ஸில்மன்னு ஒருத்தரும் அவர் கூட ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினது. ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து இன்னொருத்தரை விட்டு நல்லா சீண்டி விட்டுட்டாங்க. அப்பறம் பாதிப்பேரை ஜிம்முல இருக்குமே அந்த மாதிரி நகராத சைக்கிள்ல ஏத்தி வேகமா மிதிக்க விட்டுட்டாங்க, மீதிப்பேருக்கு உக்காந்த எடத்துலயே பண்ற மாதிரி ஒரு சாதாரண வேலை. அதுக்கப்பறம் சீண்டின ஆளுக்கு கரண்ட் ஷாக் குடுக்கற மாதிரி ஒரு சான்ஸ். சீண்டப்பட்டவங்கள்ல யாரு அதிகமா ஷாக் குடுத்தாங்கன்னு நெனைக்கறீங்க? சைக்கிள் மிதிச்சவங்கதான்.

அவங்க சொல்ற காரணம் என்னன்னா, மிதிச்சதுனால எதயம் வேகமா அடிச்சுட்டு இருக்கு, மூச்சு வாங்குது, ஒடம்பு சூடா இருக்கு, அது பூராவும் மிதிச்சதோட வேலைதான். ஆனா மனசு அதைப் பிரிச்சுப் பார்க்கறதில்ல, கோபம்னு ஒண்ணு ஏற்கனவே இருந்தா இந்த சூட்டையும் சேர்த்து அது கணக்குல எழுதிக்குது. ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கறவளுக்கு இது சட்டுனு புரிஞ்சுது, ஒரு ஹெட்ல, அதாவது ஒரு கணக்குத் தலைப்புல, வரவேண்டிய செலவை இன்னொரு ஹெட்ல போட்டு வெச்ச மாதிரிதான்.

இதைப் படிச்சதும் எனக்கு பெரிய ஆறுதல். நான் ஒண்ணும் சிடுமூஞ்சி இல்ல, நான் சைக்கிள்ல இருக்கேன், அவ்வளவுதான். அதே பஸ் நான் நடந்து போறப்ப அதே மாதிரி ஒட்டிப் போனா திட்டிட்டு ரெண்டு நிமிஷத்துல மறந்துடுவேன், சைக்கிள்ல இருக்கறப்ப மட்டும் அது சுங்கம் வரைக்கும் கூடவே வருது.

கோபத்தை வெளிய கொட்டினா தீரும்னு சொல்றதும் அப்படித்தான் போல. பிராட் புஷ்மன்னு ஒருத்தர் 2002ல பண்ணின ஆராய்ச்சில, கோபப்படுத்தின ஆளை நெனச்சுகிட்டே குத்துப்பையைக் குத்தினவங்களுக்கு கோபம் குறையறதுக்கு பதிலா ஏறித்தான் இருந்துச்சு, ஒண்ணுமே செய்யாம சும்மா உக்காந்திருந்தவங்க அவங்களை விட நல்லா இருந்தாங்களாம். 2024ல அதே புஷ்மனும் இன்னொருத்தரும் நூத்தம்பத்தி நாலு ஆராய்ச்சியை மொத்தமா சேர்த்துப் பார்த்து சொன்னதும் இதுதான், மூச்சை நிதானப்படுத்தறது, தளர்வா இருக்கறது, தியானம், இந்த மாதிரி ஒடம்பைத் தணிக்கற வேலை எதுவா இருந்தாலும் கோபம் குறையுது, ஒடம்பை சூடாக்கற வேலைங்க மொத்தத்துல உபயோகம் இல்ல, அதுலயும் ஓட்டப்பயிற்சி கோபத்தை ஏத்தற பக்கம்தான் சாயுது. ஒடம்புக்கு நல்லது வேற, கோபத்துக்கு மருந்து வேற.

அதனால நான் இப்ப பண்றது ரொம்ப சின்ன வேலை. எவனாவது ஒட்டிப் போனா, கட் அடிச்சா, மிதிக்கறதை நிறுத்திடறேன். பிரேக் பிடிக்கறதில்ல, எறங்கறதில்ல, காலை மட்டும் நிறுத்திட்டு சைக்கிள் அது பாட்டுக்கு உருளட்டும்னு விட்டுடறேன். பின் சக்கரம் டிக் டிக் டிக்னு ஓடற சத்தம் கேக்கும். தோள் ரெண்டும் காதுக்குப் பக்கத்துல ஏறி உக்காந்திருக்கும், அதைக் கீழ எறக்கறேன். மூச்சை வாய் வழியா நீளமா விடறேன், உள்ள இழுக்கறதைப் பத்தி கவலைப்படறதில்ல, அது தானா வந்துரும். போ சாமி, போன்னு வாய் விட்டே சொல்றேன், யாருக்கு கேக்கப் போகுது. வேகம் குறைஞ்சதுக்கு அப்பறம் மெதுவா மறுபடி மிதிக்க ஆரம்பிக்கறது. மொத்தமே கொஞ்ச தூரம்தான், ரெண்டு மூணு கடை தாண்டறதுக்குள்ள முடிஞ்சுரும். பின்னாடி யாராவது ரொம்ப நெருக்கமா வந்தா மட்டும் இதைப் பண்றதில்ல, முதல்ல வழி, அப்பறம்தான் மூச்சு.

கேக்க சப்புன்னு இருக்கும், தெரியும். ஆனா இதுல மனசமாதானத்தை விட முக்கியமா ஒண்ணு இருக்கு. ஒட்டிப்போன பஸ் போயாச்சு, அதால இனி ஆபத்து இல்ல. அதுக்கு அடுத்த சில நிமிஷம் நான் எப்படி ஓட்டறேங்கறதுதான் ஆபத்து. கோபத்துல இருக்கறப்ப கண்ணு அந்தப் பஸ்சோட பின்பக்கத்துலயே ஒட்டிட்டு இருக்கும், வேகமா மிதிப்போம், அப்ப ரோட்டோரத்து மணல் தெரியாது, பாதாள சாக்கடை மூடி ரோட்டை விட ரெண்டு இஞ்ச் எறங்கி இருக்கறது தெரியாது, நிறுத்தின கார்ல டிரைவர் சீட்டுல ஆள் உக்காந்திருக்காரு, கதவு தொறக்கப் போறாருன்னு தெரியாது. நான் சைக்கிள்ல இருந்து விழுந்தா பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணாலதான் விழுவேன்.

எங்க பில்டிங்ல மூணாவது மாடில வேலை பார்க்கற தம்பி ஒருத்தன் இருக்கான், நல்ல கியர் சைக்கிள், நல்ல கால் பலம், அவன் கொள்கை வேற. எவனாவது கட் அடிச்சா தொரத்திப் பிடிச்சு கேட்டே ஆகணும்பான். கோயம்புத்தூர்ல அது கஷ்டமும் இல்ல, பீக் அவர்ல எந்தக் காரும் எங்கயும் போயிட முடியாது, அடுத்த நெரிசல்ல நின்னுட்டு இருக்கும். ஒரு நாள் சுங்கம் ரவுண்டானா கிட்ட ஒரு காரைத் தொரத்திப் பிடிச்சு பின்கண்ணாடில ரெண்டு தட்டு தட்டிட்டு டிரைவர் ஜன்னல் பக்கம் போய் நின்னிருக்கான். மூச்சு வாங்குது, மொகம் செவந்து போயிருக்கு. கண்ணாடி எறங்குச்சு, உள்ள அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்கற ஒரு அண்ணன், ஏசி காத்து மொகத்துல அடிக்குது, அவர் ரொம்ப பதறிப்போய் "ஏனுங் தம்பி, பின்னாடி டயர் பஞ்சருங்களா?"ன்னு கேட்டிருக்காரு. அவருக்கு தான் ஒருத்தனை உரசிட்டு வந்ததே தெரியாது, இவ்வளவு தூரம் ஒரு பையன் சைக்கிள்ல தொரத்திட்டு வர்றான்னா நல்லதுக்குத்தான் வர்றான்னு நெனச்சுட்டாரு. இவனுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம, "ஆமாங்ணா, காத்து கொஞ்சம் கம்மியா இருக்குங்"ன்னு சொல்லிட்டு வந்துட்டான். அவர் தேங்க்ஸ் வேற சொன்னாராம்.

நான் பார்த்த வரைக்கும் பாதிப்பேருக்கு மேல இந்த ரகம்தான், நம்மளப் பார்க்கவே இல்ல. மீதிப்பேர் பார்த்துட்டுதான் பண்றாங்க, ஆனா அவங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு புரிஞ்சதுக்கு அப்பறம்தான் எனக்கு பயம் கொறைஞ்சுது, பயம் கொறைஞ்சா கோபத்துக்கு வெறகு கம்மி.

தனியார் டவுன் பஸ்சையே எடுத்துக்கோங்க. எங்க ஏரியா டீக்கடைல ஒரு கண்டக்டர் அண்ணன் வருவாரு, அவர்கிட்ட ஒரு நாள் நேராவே கேட்டுட்டேன், ஏனுங்ணா ஆள் எறங்கறதுக்குள்ள அப்படிப் பறக்கறீங்கன்னு. அவர் ஒண்ணும் கோச்சுக்கல. "அம்மிணி, எனக்கு முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி ஒரு வண்டி, நடுவுல எனக்குன்னு இருக்கறது சில நிமிஷம்தான்"னாரு. லேட்டா போனா பின்னாடி வர்ற வண்டிக்காரன் டைம் ஆபீஸ்ல சண்டைக்கு வருவான், முன்னாடியே போனா முன்னாடி வண்டிக்காரன் வருவான், நிறுத்தத்துல நிக்கற ஆளை யாரு முதல்ல அள்ளறாங்களோ அவங்களுக்குத்தான் கலெக்சன், கலெக்சன் பார்த்துத்தான் பேட்டா. 2021ல இருந்து அரசு டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதுக்கு அப்பறம் அந்தக் கூட்டம் பூரா அங்க போயிருச்சு, இருக்கற ஆம்பளை டிக்கெட்டுக்குத்தான் இவ்வளவு போட்டின்னாரு. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்திதான், மழை வந்தா அரசு பஸ்லதான் போவேன், அதை அவர்கிட்ட சொல்லல.

இதைக் கேட்டு எனக்கு அவங்க மேல பாசம் பொங்கிடல. பேட்டாவுக்காக என் மேல ஏத்திடலாம்னு எந்தச் சட்டமும் சொல்லல. ஆனா பஸ் எப்ப என்ன பண்ணும்னு தெரிஞ்சுது. நிறுத்தம் கண்ணுக்குத் தெரியற தூரத்துல ஒரு பஸ் என்னைத் தாண்டுச்சுன்னா அது கண்டிப்பா எனக்கு முன்னாடி லெப்ட்ல ஒடிச்சு நிக்கும், அப்ப லெப்ட்ல பஸ்சுக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவுல இருக்கற சந்துல புகுந்தா நசுங்கித்தான் சாகணும். முன்படில ஆளுங்க எறங்கறதுக்கு தயாரா தொங்கறாங்களா, கண்டக்டர் விசில் கேக்குதா, ரெண்டையும் பார்த்து முன்னாடியே வேகத்தைக் குறைச்சு பஸ்சுக்குப் பின்னாடியே நின்னுடறேன். முன்னாடியெல்லாம் கட் அடிச்சுட்டான்னு தோணும், இப்ப அதே பஸ் அதே வேலையைத்தான் பண்ணுது, எனக்கு அது நிறுத்தத்துல நிக்கற மாதிரிதான் தெரியுது.

மத்தவங்களும் இப்படித்தான். சாப்பாடு டெலிவரி பையன் கண்ணு பாதி போன்லயும் பாதி ரோட்லயும் இருக்கும், அவன் எந்தப் பக்கமும் திரும்புவான், தூரமா விட்டுடணும். ஆட்டோக்காரர் ரோட்டோரத்துல எவனாவது கையைத் தூக்கினா நிப்பாரு, அதனால அவர் பின்னாடி போறப்ப ஆட்டோவைப் பார்க்கறதை விட்டுட்டு ஃப்ளாட்பாரத்துல நிக்கறவங்களைப் பார்க்கணும். தண்ணி லாரி, டிப்பர் லாரி ரெண்டுக்கும் நான் முழுசா ஓரங்கட்டி நின்னே விட்டுடுவேன், மானம் ரோசம் எல்லாம் அங்க வேண்டாம். எல் போர்டு காருங்கதான் இந்த ஊர்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச வண்டி, பயந்து பயந்து ஒரு லாரிக்கு விடற எடத்தை எனக்கு விட்டுப் போவாங்க.

இன்னொண்ணு, ரோட்டை ஒட்டி ஓரத்துலயே போறது பாதுகாப்புன்னு எல்லாரும் சொல்வாங்க, எங்கம்மாவும் சொல்வாங்க. நான் இப்ப ஓரத்துல இருந்து ரெண்டு மூணு அடி உள்ள தள்ளித்தான் போறேன். ஓரத்தை ஒட்டிப் போனா பின்னாடி வர்றவனுக்கு அதே லேன்ல நுழைஞ்சு போயிடலாம்னு ஆசை வரும், நுழைவான், நமக்கு தப்பிக்க எடமும் இருக்காது. கொஞ்சம் உள்ள போனா அவன் வேகத்தைக் குறைச்சு யோசிச்சுத்தான் தாண்டணும். ஜெர்மனில 2020ல இருந்து ஊருக்குள்ள சைக்கிளைத் தாண்டறப்ப ஒன்றரை மீட்டர் விடணும்னு சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்களாம், இங்க அந்த ஒன்றரை மீட்டரை நாமளே கொஞ்சம் கையில எடுத்துக்க வேண்டியதுதான். ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு, ஒட்டிப்போறவங்க கொறைஞ்சாங்க, ஹாரன் அடிக்கறவங்க கூடிட்டாங்க.

ஹாரன் முன்னாடி எனக்கு ஒடம்பெல்லாம் எரியும். இப்ப பரவால்ல, ஏன்னா யோசிச்சுப் பார்த்தா ஹாரன் அடிக்கறவன் என்னைப் பார்த்துட்டான். ஏத்தறவன் ஹாரன் அடிச்சுட்டு ஏத்தறதில்ல, சத்தமே இல்லாம வர்றவன்தான் என்னைக் கவனிக்காதவன். அதனால பீப்னு கேட்டா சரி, பார்த்தாச்சுன்னு எடுத்துக்கறேன். ஏர் ஹாரனுக்கு மட்டும் இந்த சலுகை கிடையாது. பின்னாடி பத்தடில இருந்து அதை அடிச்சா காது அடைச்சுப்போய் ஹேண்டில் ஆடிடும், பல ராகத்துல அலர்ற ஹாரனே வெக்கக் கூடாதுன்னு மோட்டார் வாகன விதிகள்ல இருக்கு, தேவையில்லாம ஹாரன் அடிச்சா முதல் தடவை ஆயிரம், அடுத்த தடவை ரெண்டாயிரம் ஃபைன்னு 2019 திருத்தத்துல போட்டாங்க. அந்த ஃபைன் கட்டின ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கல.

எனக்கு இருக்கற பெரிய தலைவலி ஒட்டிப்போறவங்க கூட இல்ல, யூ டர்ன்தான். கொஞ்ச வருஷமா நம்ம ஊர்ல நிறைய சிக்னலை எடுத்துட்டு யூ டர்ன் வெச்சுட்டாங்க. வண்டிக்காரங்களுக்கு நிக்காம போலாம், சந்தோஷம். சைக்கிளுக்கு யோசிச்சுப் பாருங்க, எதுத்தாப்புல இருக்கற தெருவுக்குப் போகணும்னா லெப்ட் ஓரத்துல இருந்து ஓடிட்டு இருக்கற வண்டிங்க நடுவுல குறுக்க குறுக்க வந்து மீடியனை ஒட்டி நிக்கணும், திரும்பணும், மறுபடியும் அந்தப் பக்கம் வேகமா வர்ற வண்டிங்களுக்கு குறுக்க வந்து ஓரம் பிடிக்கணும். சிக்னல் இருந்தா சிவப்பு விழுந்ததும் எல்லாரோடயும் நானும் ஒரு ஆளா நின்னு போயிருப்பேன். இந்த எடத்துல நான் கோபப்பட்டவங்களை விட என் மேல கோபப்பட்டவங்கதான் ஜாஸ்தி, அதுவும் கோயம்புத்தூர் மரியாதையோட, "ஏனுங் அக்கா, சாகறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதுங்களா"ன்னு. அவங்க கேக்கறதுலயும் நியாயம் இல்லாம இல்ல. அதனால யூ டர்ன் வர்ற எடத்துல நான் எறங்கிடறேன், சைக்கிளைத் தள்ளிட்டு நடக்கறவங்களோட நடக்கறவளா கிராஸ் பண்றேன். நேரம் இருந்தா ராமநாதபுரத்துல இருந்தே உள்ள திரும்பி புலியகுளம், ரெட் ஃபீல்ட்ஸ் வழியா போயிடறது, கொஞ்சம் சுத்துதான், ஆனா அந்தப் பக்கம் மரம் இருக்கு, ஆபீஸ் போய்ச் சேர்றப்ப யாரையும் மனசுக்குள்ள திட்டிட்டு இருக்க மாட்டேன். கோபத்துக்கு பயந்து ரூட்டை மாத்தறதான்னு மூணாவது மாடி தம்பி கேக்கறான். மாத்தினா என்ன தப்புன்னுதான் எனக்கும் தெரியல.

இவ்வளவு சொல்லிட்டு ஒண்ணு சொல்லாம விட்டா அது முழுசா இருக்காது. பைக்ல ரெண்டு பேரா வந்து வேகத்தைக் குறைச்சு பக்கத்துலயே ஓட்டிட்டு, ஏதாவது சொல்லிட்டு சிரிச்சுட்டுப் போவானுங்களே, துப்பட்டா நுனியைப் பிடிக்கற மாதிரி கையை நீட்டுவானுங்களே, அந்தக் கோபத்துக்கு மேல சொன்ன எந்த வைத்தியமும் நான் பண்றதில்ல. அங்க போ சாமி எல்லாம் கிடையாது. அது கவனிக்காம நடந்ததும் இல்ல, பேட்டாவுக்காக நடந்ததும் இல்ல. ஆள் இருக்கற கடை முன்னாடி சைக்கிளை நிறுத்திட்டு அவனோட நம்பர் பிளேட்டை சத்தமா வாசிப்பேன், டிஎன் முப்பத்தேழுன்னு ஆரம்பிச்சாலே ஆக்ஸிலேட்டரை முறுக்கிடுவானுங்க. ஆளைத் திட்டினா திரும்பத் திட்டுவானுங்க, நம்பரைப் படிச்சா மட்டும் ஏனோ பயம். நம்பரை போன்ல எழுதியும் வெச்சுக்குவேன், அதே பைக் மறுபடி வந்தா போலீஸ்ல குடுக்கறதுக்கு. இந்தக் கோபம் சீக்கிரம் ஆறிடக் கூடாதுன்னே நெனைக்கறேன், ஆறிட்டா நம்பர் மறந்து போயிரும்.

கடைசியா எனக்கு இன்னும் வழி தெரியாத ஒண்ணு. ஓடற பஸ் ஜன்னல்ல இருந்தும் பைக்ல இருந்தும் துப்பறவங்க. வாய் நிறைய ஏதோ ஒண்ணை அடக்கி வெச்சுட்டு தலையை லெப்ட்ல திருப்பி ஒரு துப்பு, பின்னாடி யாரு வர்றாங்கன்னு பார்க்கறதே இல்ல. மிதிக்கறதை நிறுத்திப் பார்த்தேன், மூச்சை விட்டுப் பார்த்தேன், அந்த நேரத்துல வாயைத் தொறந்து மூச்சு விடறதே தப்புங்கறதுதான் மிச்சம். இப்போதைக்கு கூடையில ஒரு தண்ணி பாட்டில், ஒரு பழைய துண்டு, ஆபீஸ் ட்ராயர்ல ஒரு மாத்து சுடிதார். ரெயின்கோட் போட்டுக்கோன்னு வீட்டுக்காரர் சொல்றாரு, இந்த வெயில்ல அதை மாட்டிட்டு எட்டு கிலோமீட்டர் மிதிச்சா கோபம் முதல்ல அவர் மேலதான் வரும்.